கிணற்றடிக் கேள்வி

"நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டனீங்கள் ஐயா?"

"சோறும் மீன் குழம்பும்."

"கீரை?"

"கீரையும் இருந்தது."

"என்ன கீரை?"

ஐயா பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்தார். முளைக்கீரை என்று மகள் சொன்னார். எழுதிக்கொண்டேன். குடிக்கிற தண்ணி வளவுக் கிணற்றிலேயோ, குழாய்க்கிணற்றிலேயோ, காசு கொடுத்து வாங்கிறதோ? கிணறு தோட்டத்துக்குக் கிட்டவோ? மாட்டுக்கொட்டில் எந்தப் பக்கம்? கேள்வி இவ்வளவு தூரம் போனதும் ஐயாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"பிள்ளை, நான் வருத்தத்துக்கு வந்தனான். நீ கிணத்தை விசாரிக்கிறாய்."

பிழை அவரில் இல்லை. கையை நீட்டினால் ஊசி குத்தி இரத்தம் எடுப்பார்கள், அவ்வளவுதான் ஆய்வுகூடம் என்பது கிளினிக்குக்கு வருகிற எல்லாருடைய நினைப்பும். நானும் முன்பு அப்படித்தான் வேலை செய்தேன். குப்பியில் வந்ததை அளந்து எண்ணை எழுதிக் கையொப்பம் வைத்துவிடுவேன். குப்பிக்குள் வரும் முன் அந்த இரத்தம் எந்தக் கிணற்றைக் கடந்து வந்தது என்று கேட்க என்னைப் பழக்கியது நைத்திரிக் ஒட்சைட்டுத்தான்.

ஒரு நைத்திரசன் அணு, ஒரு ஒட்சிசன் அணு. அவ்வளவு சின்ன மூலக்கூறு. இரத்தக்குழாயின் உட்சுவரில் உள்ள கலங்கள் ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து அதைச் செய்கின்றன. அது பக்கத்துத் தசைக்குள் போய்த் தளரச் சொல்கிறது, குழாய் விரிகிறது. நெஞ்சுநோக்காரர் நாக்குக்குக் கீழே வைக்கிற குளிசை வேலை செய்வதும் இதே வழியில்தான். இதைக் கண்டறிந்ததற்காக 1998இல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கிருமி நுழைந்தால் வெண்குருதிக் கலங்களும் இதையே பெருமளவில் செய்து கிருமியின்மேல் விடுகின்றன. இரத்த அழுத்தம், கர்ப்பகால வலிப்பு, நச்சுக்காய்ச்சல் என்று எங்கள் வாட்டுகளில் கிடக்கிற பாதி நோய்களிலும், முன்பு கிடந்த மலேரியாவிலும் இதற்குப் பங்கு உண்டு.

ஆனால் இதைப் பிடித்து அளக்க முடியாது. உடம்பில் இதன் ஆயுள் சில செக்கன்கள். ஈமோகுளோபினுக்குக் கிட்டப் போனால் அதுவும் இல்லை, அந்தக் கணமே நைத்திரேற்றாகி விடுகிறது. மிச்சம் நைத்திரைற்றாகிறது. நைத்திரைற்றும் இரத்தத்தில் சில நிமிடங்களுக்கு மேல் நிற்காது, அதுவும் நைத்திரேற்றாகும். நைத்திரேற்றுத்தான் நிற்கிறது. இரத்தத்தில் அது பாதியாகக் குறைய ஐந்து முதல் எட்டு மணித்தியாலம் எடுக்கும். பெரும்பகுதி சிறுநீரோடு போகும்.

எங்கள் பக்கத்தில் இரவு யானை வயலுக்குள் இறங்கினால் விடிய அடியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். எத்தனை வந்தது, குட்டியும் வந்ததா, எந்தப் பக்கத்தால் போனது எல்லாவற்றையும் அடி சொல்லும். நைத்திரேற்று அப்படி ஒரு அடி. சிக்கல் என்னவென்றால் அதே வயலால் அயலவரின் மாடும் போயிருக்கும்.

யானையைக் காண்பதற்கு வெகுகாலம் முன்பே அடியைக் கண்டுவிட்டார்கள். மனிதர் சாப்பாட்டோடு உள்ளே எடுப்பதைவிடக் கூடுதலான நைத்திரேற்றைச் சிறுநீரில் வெளியேற்றுகிறார்கள் என்று 1916இலேயே மிச்செல், ஷோன்ல், கிரின்ட்லி என்ற மூவர் எழுதிவிட்டார்கள். உடம்பே இதை உண்டாக்குகிறது என்று அதற்குப் பொருள். யாரும் பெரிதாக எடுக்கவில்லை. அறுபது வருடங்களுக்குப் பிறகு அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் டானன்பாம் குழுவினர் ஆட்களை நைத்திரேற்றுக் குறைந்த உணவில் இருத்தி, உள்ளே போவதையும் வெளியே வருவதையும் நாள்தோறும் அளந்தார்கள். அப்படி இருந்தவர்களில் ஒருவருக்குக் காய்ச்சலும் வயிற்றோட்டமும் வந்தன. அந்த நாட்களில் அவருடைய நைத்திரேற்று பல மடங்கு ஏறி, காய்ச்சல் விட்டதும் இறங்கியது. நோயோடு ஏறி இறங்கிய அந்தக் கோடுதான் வழியைக் காட்டியது. 1985இல் ஸ்டூரும் மார்லெட்டாவும் வெண்குருதிக் கலங்களே இதைச் செய்கின்றன என்று காட்டினார்கள். சாப்பாட்டை அவர்கள் கட்டிப்போட்டிருந்தபடியால்தான் அந்தக் கோடு தெரிந்தது. இதை நான் வாசித்தபோது எனக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. பத்து வயதில் படிப்பித்திருந்தாலும் விளங்கியிருக்கும் போலிருந்தது.

பத்துப் பன்னிரண்டு வயதில் நான் மல்லாவியில் இருந்தேன். 1996இல் கிளிநொச்சியிலிருந்து போரால் இடம்பெயர்ந்த சனத்தோடு நாங்களும் போயிருந்தோம். அடுத்த மழைக்கு மலேரியா. மத்தியானம் தொடங்கும் நடுக்கத்துக்கு அம்மா இருந்த சேலைகளையும், பிறகு உரச் சாக்குகளையும் என்மேல் போடுவார். அந்தச் சாக்குகளும் பழையவை, உள்ளே ஒன்றும் இல்லை. யூரியா அப்போது தடைப்பட்டியலில் இருந்தது, வன்னிக்குள் வராது. விரல் குத்தி, கண்ணாடித் தகட்டில் இரத்தம் தேய்த்து, நுணுக்குக்காட்டிக்கு முன்னால் குனிந்திருந்த ஒரு அண்ணா "இருக்கு" என்று ஒரு சொல் சொன்னார். அந்தக் குனிவைப் பார்த்துத்தான் எனக்கு இந்தத் தொழிலில் ஆசை வந்தது. என்னோடு அதே மழையில் காய்ச்சல் கண்ட எல்லாப் பிள்ளைகளும் எழும்பவில்லை. அறிவு மாறி, வலிப்பு வந்து போனவர்கள் இருந்தார்கள். ஏன் எனக்கு நடுக்கத்தோடு நின்றது, ஏன் அவர்களுக்கு மூளைக்கு ஏறியது என்று நான் கேட்டுக்கொண்டே வளர்ந்தேன்.

1996இல்தான் அன்ஸ்டியும் அவரோடு வேலை செய்தவர்களும் தான்சானியப் பிள்ளைகளைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டிருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. 191 பிள்ளைகள், மலேரியா உள்ளவர்களும் இல்லாதவர்களும். இரத்தத்திலும் சிறுநீரிலும் நைத்திரேற்று, நைத்திரைற்று இரண்டின் கூட்டுத்தொகை. அளவுக்கு மீறிய நைத்திரிக் ஒட்சைட்டுத்தான் பிள்ளைகளை மயக்கத்தில் தள்ளுகிறது என்ற கருத்து அந்தக் காலத்தில் பலமாக இருந்தது. அவர்கள் கண்டது நேர்மாறு. மூளை மலேரியா வந்த பிள்ளைகளிடம் குறைவாகவும், ஒட்டுண்ணி இருந்தும் நோய் காட்டாத பிள்ளைகளிடம் கூடுதலாகவும் இருந்தது. அந்தக் கட்டுரையில் என்னைப் பிடித்து நிறுத்திய இடம் முடிவுரை அன்று, முறை சொல்லும் பகுதி. சாப்பாட்டையும் சிறுநீரகத்தின் நிலையையும் கணக்கில் எடுத்துத் திருத்தியிருந்தார்கள். அது இல்லாமல் அந்த முடிவை யாரும் நம்பியிருக்க முடியாது.

எங்கள் மலேரியா போய்விட்டது. 2012க்குப் பிறகு இலங்கைக்குள் தொற்றியவர் எவரும் இல்லை என்று 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. அன்று பத்திரிகையை வெட்டி வைத்தேன். இன்னும் இருக்கிறது.

இனி வேலையைச் சொல்கிறேன். நைத்திரேற்றை நேரடியாக நிறமாக்க இலகுவான வழி இல்லை, நைத்திரைற்றைத்தான் நிறமாக்கலாம். அந்த வழி பீற்றர் கிரீஸ் என்ற ஜெர்மன் இரசாயனவியலாளருடையது. இங்கிலாந்தில் பேர்ட்டன் என்ற ஊரில் பியர் வடிக்கும் தொழிற்சாலையில் வேலை செய்தவர், 1879இல் இதை வெளியிட்டார். இப்போது நாங்கள் கலப்பது சல்ஃபனிலமைடும், என்.ஈ.டி. என்று சுருக்கிச் சொல்லும் இன்னொரு சேர்வையும், பொஸ்போரிக் அமிலமும். நைத்திரைற்று இருந்தால் பத்து நிமிடத்துக்குள் றோஸ் நிறம் எழும். 540 நானோமீற்றர் ஒளியில் அதை வாசிக்கலாம். எலைசா வாசிக்கும் பொறி உள்ள எந்த ஆய்வுகூடத்திலும் செய்யலாம், அதனால்தான் எங்களைப் போன்ற இடங்களுக்கு இது வாய்த்த முறை. கர்ப்பிணித் தாய்மாரின் சிறுநீரில் தோய்க்கிற பட்டியில் நைத்திரைற்றுக் கட்டம் சிவப்பதும் இதே இரசாயனம்தான். அங்கே ஈ.கோலை போன்ற பற்றீரியாக்கள் சிறுநீரின் நைத்திரேற்றை நைத்திரைற்றாக்கி விடுகின்றன, நாங்கள் தொற்று என்று எழுதுகிறோம்.

எனவே இரத்தத்தின் நைத்திரேற்றை முதலில் நைத்திரைற்றாக்க வேண்டும். முன்பு செம்பு பூசிய கட்மியம் நிரப்பிய குழாய்க்குள்ளால் விடுவார்கள். நச்சு உலோகம், கழிவை எங்கே கொட்டுவது என்ற கவலை வேறு. பூஞ்சணத்திலிருந்து எடுத்த நொதியம் நல்லது, ஆனால் விலை கூட, மின்சாரம் போனால் குளிரூட்டியோடு அதுவும் போய்விடும். 2001இல் மிராண்டாவும் மற்றவர்களும் எழுதிய வனேடியம் குளோரைட்டு முறைதான் எனக்குக் கைகொடுத்தது. அமிலத்தில் கரைத்து, கிரீஸின் கலவையோடு சேர்த்து, 37 பாகையில் வைத்தால் போதும்.

லீற்றருக்கு ஒன்று முதல் நூறு மைக்குரோமோல் வரை நியமக் கரைசல்கள் வரிசையாகச் செய்வோம். வெறுவயிற்றில் உள்ள ஒரு சுகதேகியின் இரத்தத் திரவத்தில் நைத்திரேற்று இருபது முதல் நாற்பது வரை இருக்கும். நைத்திரைற்று அதில் நூறில் ஒரு பங்குகூட இராது, இந்த முறைக்கு அது எட்டாது. அதற்கு ஓசோனோடு மோதவிட்டு ஒளியை எண்ணுகிற பொறி வேண்டும். எனக்கு அந்தப் பொறி இல்லாத கவலை பெரிதாக இருந்ததில்லை. நைத்திரைற்றை அளப்பதென்றால் இரத்தம் எடுத்த கையோடு சுழற்றிப் பிரிக்க வேண்டும். நாங்கள் முல்லைத்தீவுப் பக்கத்துக் கிளினிக் ஒன்றில் எடுத்த இரத்தத்தை றெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு வீதி நீளம் கொண்டுவருகிறவர்கள். திரவத்தைப் பிரித்து உறைய வைத்துவிட்டால் நைத்திரேற்று அசையாமல் இருக்கும். தூரத்தையும் வெயிலையும் பொறுத்துக்கொள்கிற அந்தக் குணத்துக்காகவே நான் அதை மதிக்கிறேன்.

பொறுக்காதது ஊத்தை. இந்த நைத்திரேற்று இல்லாத இடமே இல்லை. கையுறையில் இருக்கும், வடிதாளில் இருக்கும், கழுவிய குழாயில் ஒட்டியிருக்கும். நான் தொடங்கிய காலத்தில் ஒரு நாள், மாதிரி எதுவும் போடாத வெறும் தண்ணீர்க் குழியே றோஸ் நிறமானது. திரும்பச் செய்தேன். திரும்பவும் றோஸ். இரவு ஏழு மணிவரை கலவையைப் பிழை சொன்னேன், உப்பைப் பிழை சொன்னேன், என் கையைப் பிழை சொன்னேன். கடைசியில் காய்ச்சி வடித்த தண்ணீர்க் கானிலிருந்து நேரே எடுத்துச் சோதித்தேன். முடிந்த கானை யாரோ குழாயடியில் நிரப்பி, அதே பட்டியோடு அதே இடத்தில் வைத்திருந்தார்கள். பதினெட்டுப் பேருடைய இரத்தம் அன்றைக்குப் பயனில்லாமல் போனது. அதில் ஒரு அம்மா விடிய நாலு மணி பஸ் பிடித்து வந்தவர். அவருக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் இரண்டு நாள் தொலைபேசியை எடுக்காமல் இருந்தேன், பிறகு எடுத்து நடந்ததைச் சொன்னேன். அன்றிலிருந்து தண்ணீரை நானே வடித்து, திகதி எழுதிப் பூட்டி வைக்கிறேன். பச்சை மூடி ஹெப்பரின் குழாயிலும் எடுப்பதில்லை, அது கிரீஸின் கலவையோடு சேர்ந்து கலங்கலாகும்.

கானுக்குள் வந்த அந்தத் தண்ணீர்தான் என்னை யோசிக்க வைத்தது. நான் வடிக்காத தண்ணீரைத்தானே சனம் குடிக்கிறது?

ஒரு கணக்குப் போட்டேன். வளர்ந்த ஒருவருடைய உடம்பு ஒரு நாளில் நைத்திரிக் ஒட்சைட்டிலிருந்து உண்டாக்கும் நைத்திரேற்று ஏறக்குறைய ஒரு மில்லிமோல், அதாவது 60 மில்லிகிராம் அளவு. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. வயலில் நிற்கிறவர் எங்கள் வெயிலுக்கு நாளுக்கு மூன்று லீற்றர் குடிப்பார். எல்லைக்குச் சரியாக நிற்கிற, யாரும் குற்றம் சொல்லமுடியாத கிணறு ஒன்றே அவருக்கு 150 மில்லிகிராம் கொடுத்துவிடுகிறது. உடம்பு செய்ததைப்போல் இரண்டரை மடங்கு. இதற்குமேல் கீரை. நூறு கிராம் பீற்றூட்டில் நூறு மில்லிகிராமுக்கு மேலும் இருக்கும். இந்த ஆளின் இரத்தத்தை அளந்து, நைத்திரிக் ஒட்சைட்டு கூடிவிட்டது, இரத்தக்குழாய் நன்றாக இருக்கிறது என்று எழுதினால் நான் எழுதியது அவருடைய கிணற்றின் அறிக்கை.

நம்பமுடியாமல் என்னிலேயே செய்து பார்த்தேன். அம்மாவின் கீரைக்கடையலும் பீற்றூட் கறியும் சாப்பிட்ட மறுநாள் காலைச் சிறுநீர் ஒன்று. மூன்று நாள் வெறும் சோறு, பருப்பு, முட்டை, நானே சோதித்த தண்ணீர் என்று இருந்து எடுத்த சிறுநீர் ஒன்று. கிரியற்றினினோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தேன், தண்ணீர் கூடக் குடித்தால் சிறுநீர் ஐதாகி ஏமாற்றும் என்பதற்காக. பொறியில் வைக்க முன்பே கண்ணால் தெரிந்தது. ஒன்று செம்பரத்தம்பூ, மற்றது வெளிறிய றோஸ். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நான் சமைச்சதோ இது?" என்று குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

எங்கள் நிலத்துக்கு இந்தக் கேள்வி கூடப் பொருந்தும். யாழ்ப்பாணத்தில் சுண்ணக்கல், மேலே போட்டது வெடிப்புகளுக்குள்ளால் கீழே இறங்கிவிடும், அந்தக் கிணறுகளின் நைத்திரேற்றுப் பிரச்சினையை எல்லாரும் அறிவார்கள். வன்னியில் பெரும்பாலும் கடினப் பாறை, அதன் மேலே மண். இங்கே ஊரைப் பொதுவாகச் சொல்ல முடியாது, கிணறு கிணறாகத்தான் பார்க்க வேண்டும். கிணற்றடியில் மாட்டுக்கொட்டில் இருக்கிறதா, மலசலகூடக் குழி எத்தனை பாகம் தள்ளி, மிளகாய்க் கன்றுக்கு எப்போது யூரியா போட்டார்கள். யூரியாவை மண்ணில் உள்ள பற்றீரியாக்கள் நைத்திரேற்றாக்கும், அதற்குமேல் மாரிமழை விழுந்தால் பயிர் எடுத்த மிச்சம் கிணற்றுக்குத்தான். சிறுபோகத்தில் எடுத்த இரத்தத்தையும் காலபோகத்தில் எடுத்த இரத்தத்தையும் ஒரே மேசையில் வைத்து ஒப்பிட எனக்கு மனம் வராது.

சிறுநீரகம் இதைவிடக் கடினம். வவுனியாவின் வடக்குப் பக்கத்திலும் எல்லைக் கிராமங்களிலும் காரணம் இன்னதென்று பிடிபடாத நாட்பட்ட சிறுநீரக நோய் வயல்காரரைத் தின்கிறது. ஒரு இளம் வைத்தியர் தன் மேற்படிப்புக்காக அவர்களுடைய நைத்திரிக் ஒட்சைட்டை அளந்து பார்ப்போமா என்று என்னிடம் வந்தார். நல்ல மனிதர், நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு பேசுகிறவர். சிறுநீரகம் பழுதானால் நைத்திரேற்று வெளியேறாது, இரத்தத்தில் தேங்கும், சிறுநீரில் குறையும் என்று அவருக்குச் சொன்னேன். ஒரே ஆள், ஒரே நாள். இரத்தத்தைப் பார்த்தால் உற்பத்தி கூடியிருக்கிறது என்போம், சிறுநீரைப் பார்த்தால் குறைந்திருக்கிறது என்போம். இரண்டும் பொய். நைத்திரசன்-15 கொண்டு அடையாளமிட்ட ஆர்ஜினினைக் கொடுத்து, அடையாளத்தோடு வெளியே வருகிற நைத்திரேற்றை மட்டும் எண்ணினால் உடம்பு செய்தது எது, கிணறு கொடுத்தது எது என்று பிரிக்கலாம். அதற்குரிய திணிவு நிறமாலைமானி எங்களிடம் இல்லை. அவர் கனநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப முதல் கிணறுகளில இருந்து தொடங்குவம் மிஸ்" என்றார். அப்படித்தான் என் பதிவுப் புத்தகத்தில் பெயருக்கும் வயதுக்கும் பக்கத்தில் கோடு போட்டு 'தண்ணி', 'கீரை', 'நெஞ்சுக் குளிசை' என்று மூன்று நிரல்கள் வந்தன.

தண்ணி என்ற நிரல் நிரம்ப நிரம்ப என் கவனம் வேறு பக்கம் திரும்பியது. இதே நைத்திரேற்று வளர்ந்தவரின் அறிக்கையைக் குழப்புவதோடு நின்றுவிடும், ஆனால் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தையின் இரத்தத்தையே குழப்பும். அது நைத்திரைற்றாகி ஈமோகுளோபினைப் பழுதாக்கினால் ஒட்சிசன் ஏறாது, குழந்தை நீலம் பாரிக்கும். அமெரிக்காவில் அயோவா கிராமங்களின் கிணற்றுத் தண்ணீரில் கொம்லி என்ற வைத்தியர் இதை 1945இல் கண்டு எழுதினார். எங்கள் தாய்மார் கொதித்தாறிய தண்ணீரில்தான் பால்மா கரைக்கிறார்கள், கிருமிக்கு அது சரி. நைத்திரேற்று கொதித்தால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். இதைச் சொல்லும்போது தாய்மாரின் முகம் மாறும். பயப்படுத்தாமல் சொல்ல இன்னமும் பழகிக்கொண்டிருக்கிறேன்.

வருத்தத்துக்கு வந்த அந்த ஐயா அடுத்த மாதக் கிளினிக்குக்கு வந்தார். கையில் ஒரு பழைய சோடாப் போத்தல், வாயைப் பொலித்தீனால் மூடி றபர் போட்டிருந்தது. மேசையில் வைத்தார்.

"இந்தா பிள்ளை, கிணறு வந்திருக்கு. இனி என்னை விடு."

பெயரையும் திகதியையும் எழுதிப் போத்தலில் ஒட்டினேன். அன்று பின்னேரம் அவருடைய இரத்தத்தை உறைய வைத்துவிட்டுத் தண்ணீரைத்தான் முதலில் எடுத்தேன். பத்து மடங்கு ஐதாக்கி வனேடியத்தோடு வைத்தேன். நூறு மைக்குரோமோல் குழியையும் தாண்டிக் கறுத்த சிவப்பாக நின்றது. இன்னொரு தரம் புதிதாக ஐதாக்கிச் செய்தேன், வெறுந்தண்ணீர்க் குழி வெள்ளையாக இருக்கிறதா என்றும் பார்த்தேன். இருந்தது.

பதிவுப் புத்தகத்தில் மகளின் இலக்கம் இருந்தது. அவர் எடுத்ததும் அப்பாவின் இரத்தத்தைப் பற்றித்தான் கேட்டார். நான் அதற்குப் பதில் சொல்ல முன்பு, வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா என்று கேட்டேன்.